கடலூர்ல மினி கோல்ஃப் போட்டா ஆள் வருமா? 38 சென்ட் நிலம் இருக்கு, ஆலோசனை தேவை

கெடிலக்கரை | 8 டிசம்பர் 2024, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பது வருஷம் சிங்கப்பூர்ல வேலை பார்த்துட்டு போன ஆடி மாசம் ஊரோட வந்துட்டேன். ரெட்டிச்சாவடி பக்கம் புதுச்சேரி மெயின் ரோட்டை ஒட்டி அப்பா பேர்ல 38 சென்ட் சும்மா கிடக்கு. அதுல மினி கோல்ஃப் போடணும்னு ரெண்டு வருஷமா மனசுல ஓடிட்டே இருக்கு.

பார்க்காதவங்களுக்காக: 18 சின்னச் சின்ன தடம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு குழி. நடுவுல மேடு, குழாய், வளைவு, சுத்துற காத்தாடி. பந்தைத் தூக்கி அடிக்கிற வேலையே கிடையாது, மட்டையால உருட்டணும். எத்தனை தட்டுல குழியில விழுதோ அதுதான் கணக்கு. நாலு பேர் ஒண்ணா ஆடினா ஒரு மணி நேரத்துல முடியும். சிங்கப்பூர்ல லீவு நாள்ல என் பொண்ணோட ஆடுவேன். எட்டு வயசுப் பிள்ளையும் அப்பாவும் சமமா நின்னு ஆடக்கூடிய விளையாட்டு வேற எனக்குத் தெரியல.

கையில 22 லட்சம் இருக்கு. 18 குழி, செயற்கைப் புல், லைட், வேலி எல்லாம் சேர்த்து ஒருத்தர் 24 லட்சம் சொல்லியிருக்கார். இதுக்கு நடுவுல 'மார்க்கெட் ரிப்போர்ட்' எழுதித் தர்றோம்னு ஒரு இடத்துல 25,000 கட்டினேன். 14 பக்கம் வந்துச்சு. அதோட சாரம் இவ்வளவுதான்: 2011 கணக்கெடுப்புப்படி கடலூர் மாவட்டத்துல 26 லட்சம் பேர், அதுல 1 சதவீதம் வந்தாலே 26,000 டிக்கெட், புதுச்சேரி டூரிஸ்ட் தனி. என்னை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கல, நிலத்தை வந்து பார்க்கல. அந்தக் காசு போன வருத்தத்தைவிட, இதை நம்பி இறங்கலாமான்னு தெரியாம நிக்கிறதுதான் கஷ்டமா இருக்கு. ஊர் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வரவுசெலவு | 8 டிசம்பர், இரவு 11:15

தம்பி, மஞ்சக்குப்பத்தில் 20 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அந்த 1 சதவீதம் என்ற வரியை எத்தனையோ கடன் மனுக்களில் பார்த்துவிட்டேன். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் அந்த ஒரு சதவீதம் யார், எந்த ஊர், எதற்காக வருவார் என்று அதில் இருக்காது. மாவட்டம் என்றால் திட்டக்குடியும் காட்டுமன்னார்கோயிலும் அதில்தான் வருகின்றன. திட்டக்குடிக்காரர் ஒரு மணி நேரம் பந்து உருட்ட ரெட்டிச்சாவடி வரை பஸ் ஏறுவாரா?

கணக்கைக் கீழிருந்து போடுங்கள். மாதச் செலவை நான் இப்படி வைக்கிறேன்: மூன்று ஆள் சம்பளம் 42,000, கரண்ட் 12,000, பழுது பராமரிப்பு 8,000, 10 லட்சம் கடன் வாங்கினால் தவணை ஏறக்குறைய 22,000, விளம்பரம் மற்றும் சில்லறைச் செலவு 6,000, உங்கள் வீட்டுக்கு 35,000. மொத்தம் 1,25,000. வருடத்துக்கு 15 லட்சம்.

டிக்கெட் 120 ரூபாய் என்றால் 12,500 பேர் ஆட வேண்டும். வரவு 20 லட்சத்துக்குள் நிற்பதால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அதைத் தாண்டினால் 18 சதவீதம் டிக்கெட்டிலிருந்துதான் போகும், அப்போது தலைக்கணக்கு ஏறும்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழைக்கு விட்டுவிடுங்கள். மிச்சம் 39 வாரம். வாரத்துக்கு 320 பேர். இதில் பெரும்பகுதி சனி, ஞாயிறில்தான் விழும். ஆக சனிக்கிழமை 112, ஞாயிறு 112, மற்ற நாட்களில் தினம் 19 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இடம் கொள்ளுமா என்றால் கொள்ளும். முதல் குழியில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நால்வரை இறக்கினாலே மணிக்கு 48 பேர்.

இப்போது அந்த 12,500-ஐக் குடும்பமாகப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீடு வருடத்தில் மூன்று தடவை வந்தால் 12 டிக்கெட். 1,042 குடும்பம் போதும். அதே குடும்பம் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டால் வருடா வருடம் 3,125 புதுக் குடும்பத்தை எங்கிருந்து கொண்டு வருவீர்கள்? "ஆள் வருமா" என்பதைவிட "வந்த ஆள் மூன்றாவது தடவை வருமா" என்பதுதான் உங்கள் கேள்வி. அதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது.

கோட்டக்குப்பம் விடுதி | 9 டிசம்பர், காலை 7:05

புதுச்சேரி டூரிஸ்டை நம்பி மட்டும் இறங்காதீங்க நண்பரே. நான் கோட்டக்குப்பத்துல நாலு ரூம் வெச்சு விடுதி நடத்துறேன். சென்னை, பெங்களூர்லேருந்து வர்றவங்க வெள்ளி ராத்திரி வருவாங்க. சனிக்கிழமை காலைல ஆரோவில், மதியம் சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் பீச் ரோடு. அந்த நேரத்துல அங்க வண்டி விடறதில்லேங்கிறதால நடக்கிறதே ஒரு பொழுதுபோக்கு. ஞாயிறு காலைல சுண்ணாம்பாறு படகு சவாரி, இல்லேன்னா காந்தி வீதி சண்டே மார்க்கெட். மதியம் ரூமைக் காலி பண்ணிட்டுக் கிளம்பிடுவாங்க. இந்த ஒன்றரை நாள்ல மரப்பாலம், அரியாங்குப்பம் நெரிசல்ல மாட்டி, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் எல்லாம் தாண்டி உங்ககிட்ட வரணும்னா அதுக்கு ரொம்பப் பெரிய காரணம் வேணும்.

ஆனா ஒண்ணு. "ஆறு மணிக்கு மேல பிள்ளைங்களை எங்க கூட்டிட்டுப் போகலாம்?"னு கேட்காத குடும்பம் இல்ல. தேவை இருக்கு. உங்க நிலம் இருக்கிற இடத்துலதான் இல்ல.

தேவனாம்பட்டினம் டீச்சர் | 9 டிசம்பர், மாலை 6:30

இடத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லை தாண்டினால் வரிசையாகப் பிராந்திக் கடை. கடலூரிலிருந்து அந்தப் பக்கம் சாயங்காலம் போகிற வண்டிகளில் நிறையப் பேர் எதற்குப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். இரவு எட்டரைக்கு என் மகளை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் திரும்பி வர நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் விளையாட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் என் பதில் அதுதான். என்னைப் போலத்தான் மற்ற அம்மாக்களும்.

ஆனால் கடலூர் ஊருக்குள் என்றால் நான் வேறு மாதிரி பேசுவேன். இங்கே பெரியார் கலைக் கல்லூரி, செயின்ட் ஜோசப், கந்தசாமி நாயுடு மகளிர் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. அந்தப் பெண்பிள்ளைகள் தோழிகளோடு ஒரு மணி நேரம் சிரித்துப் பேசி விளையாட எங்கே போவார்கள்? சில்வர் பீச், இல்லை என்றால் தியேட்டர். புதிதாக வருகிற டர்ஃப் எல்லாம் பையன்கள் கிரிக்கெட், ஃபுட்பால் ஆடத்தான். அங்கே பெண்பிள்ளைகள் நிற்கக்கூட முடிவதில்லை. சுடிதார், புடவை எதைக் கட்டிக்கொண்டும் ஆடலாம், ஓட வேண்டாம், விழ வேண்டாம் என்கிற விளையாட்டு இந்த ஊருக்குக் கட்டாயம் தேவை. சுத்தமான கழிப்பறை, நல்ல வெளிச்சம், வாசலில் பொறுப்பாக ஒரு பெண். இந்த மூன்றும் இருந்தால் பிள்ளைகள் தாங்களாகவே வருவார்கள்.

கெடிலக்கரை | 9 டிசம்பர், இரவு 10:20

டீச்சர், நீங்க சொன்னது என் தலையிலேயே இல்ல. என் மனைவிகிட்ட காட்டினேன். "இதைத்தானே நானும் சொன்னேன்"னாங்க. உண்மைதான், சொன்னாங்க. நான்தான் சொந்த நிலம்னு அதையே பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். போன வாரம் நிலத்துல முழங்கால் அளவு தண்ணி.

பண்ருட்டி முந்திரி | 10 டிசம்பர், காலை 6:50

அந்தத் தண்ணியைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. டிசம்பர் 2 விடியக்காலைல சாத்தனூர் அணையில விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டதுல தென்பெண்ணை ரெண்டு கரையும் என்ன பாடு பட்டுச்சுன்னு பார்த்தோம். 2015-லயும் வெள்ளம். 2011 தானே புயல்ல எங்க முந்திரித் தோப்பும் பலா மரமும் ஒரே ராத்திரியில சாஞ்சதை இன்னும் மறக்க முடியல. செயற்கைப் புல்லுக்குள்ள வண்டல் இறங்கிட்டா கழுவி எடுக்கிறது லேசுப்பட்ட வேலையில்ல. அடியில போட்ட மணலும் அடிச்சிட்டுப் போயிடும். பந்து நேரா உருளாது. எந்த இடம் எடுத்தாலும் 2015-ல, 2024-ல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு பக்கத்து வீட்டுச் சுவர்ல இருக்கிற கறையைப் பார்த்துட்டு எடுங்க.

நெய்வேலி ஓய்வு | 10 டிசம்பர், பகல் 11:00

இந்த விளையாட்டின் கதையே உங்கள் கேள்விக்கு ஒரு பாடம். 1920-களில் அமெரிக்காவில் லுக்அவுட் மலையில் விடுதி நடத்திய கார்னெட் கார்ட்டர் என்பவர் இதை 'டாம் தம்ப் கோல்ஃப்' என்ற பெயரில் ஊர் ஊராக விற்றார். 1930-இல் காலி மனை, மொட்டைமாடி என்று அந்த நாடு முழுக்கப் பல்லாயிரம் இடங்களில் முளைத்தது. ஓரிரு வருடத்தில் பெரும்பாலானவை மூடப்பட்டன. பலர் ஆடிப் பார்த்ததோடு சரி என்று நினைக்கிறேன்.

மறுபக்கம், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-இல் பெண்களுக்காக ஒரு புட்டிங் கிளப் (பந்தை உருட்டிக் குழியில் போடும் ஆட்டத்துக்கான சங்கம்) தொடங்கினார்கள். பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது தகாது என்று நினைத்த காலம் அது. மேடும் பள்ளமுமாக இருப்பதால் அந்தத் திடலுக்கு 'ஹிமாலயாஸ்' என்று பெயர். அது இன்றும் நடக்கிறது, பொதுமக்களும் ஆடலாம். உள்ளூர்ப் பெண்கள் தங்களுடையது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப வந்ததுதான் அதன் உயிர் என்று நான் நினைக்கிறேன். டீச்சர் சொன்னதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

முத்தியால்பேட்டை | 10 டிசம்பர், மாலை 4:45

எங்க ஊர்ல பெத்தாங்க் ஆடுறதைப் பார்த்திருக்கீங்களா? பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன ஆட்டம். சின்ன மரப்பந்தைத் தூக்கிப் போட்டுட்டு, அதுக்குப் பக்கத்துல யார் இரும்பு குண்டை நிறுத்துறாங்கன்னு பார்க்கிறது. சாயங்காலமானா எங்க பெரியப்பா வயசு ஆளுங்க குனிஞ்சு அடியளந்து சண்டை போட்டுட்டு இருப்பாங்க. சுத்தி நிக்கிறவங்களுக்கும் அதுலயே நேரம் போயிடும். குறி பார்த்து நிதானமா ஆடுற ஆட்டம் நம்ம ஜனங்களுக்குப் பிடிக்கும்ங்கிறதுக்கு அது சாட்சி. ஆனா அதுக்கு யாரும் டிக்கெட் வாங்கல. அதையும் சேர்த்தே யோசிங்க.

ராட்டினக்காரர் மகன் | 10 டிசம்பர், இரவு 8:30

அண்ணே, எங்க அப்பா காலத்துலேருந்து திருவிழாவுல ராட்டினம் போடுறோம். இப்போ காத்தடைச்ச சறுக்கு, டிராம்போலின் எல்லாம் நான் பார்த்துக்கறேன். நீங்க யார்கிட்டயும் "வருவீங்களா"னு கேட்காதீங்க. கேட்டா எல்லாரும் "சூப்பர், கண்டிப்பா வர்றோம்"னுதான் சொல்லுவாங்க. மனுஷன் மூஞ்சிக்கு நேரா வேற என்ன சொல்லுவான்?

போட்டுப் பாருங்க. பிளைவுட் பலகை, பச்சை மேட், பிவிசி குழாய், நாலு செங்கல். மூணு குழிக்கு 10,000-க்கு மேல ஆகாது. தை 5 ஆத்துத் திருவிழா வருது. தென்பெண்ணையில எங்க இடத்துக்குப் பக்கத்துலயே ஒரு மூலை தர்றேன், வாடகை வேணாம். ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு மூணு எண்ணுங்க: எத்தனை பேர் நின்னு பார்க்கிறாங்க, எத்தனை பேர் காசு குடுக்கிறாங்க, ஆடி முடிச்ச கையோட எத்தனை பேர் திரும்ப வரிசையில நிக்கிறாங்க.

பிள்ளையைப் பார்க்காதீங்க, அம்மா கையைப் பாருங்க. பிள்ளை எல்லாத்துக்கும்தான் இழுக்கும். அம்மா பர்ஸ் ஜிப்பைத் தொட்டுட்டு, விலைப் பலகையைப் பார்த்துட்டு, கையை எடுத்தா விலை ஜாஸ்தின்னு அர்த்தம். தொடவே இல்லேன்னா அது என்னன்னே அவங்களுக்குப் புரியலன்னு அர்த்தம்.

வரவுசெலவு | 10 டிசம்பர், இரவு 9:10

நான் எழுதிய கணக்கை விட இதுதான் உருப்படியான யோசனை. செய்யுங்கள் தம்பி.

கெடிலக்கரை | 19 ஜனவரி 2025, இரவு 11:30

போட்டுட்டேன். நேத்து ஆத்துத் திருவிழாவுல காலைல ஒன்பதுலேருந்து ராத்திரி எட்டு வரைக்கும். மூணு குழி, 20 ரூபாய். 214 பேர் ஆடினாங்க! சிறுவள்ளிக்கிழங்குப் பையை ஒரு கையில பிடிச்சிக்கிட்டு இன்னொரு கையால மட்டையைப் பிடிச்ச பெரியம்மா ஒருத்தர் மூணாவது குழியை ஒரே தட்டுல போட்டாங்க. சுத்தி நின்னவங்க கைதட்டினாங்க. "கோலிகுண்டு ஆடுன கைடா இது"ன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஒண்ணு கத்துக்கிட்டேன். காலைல 'மினி கோல்ஃப்'னு பலகை வெச்சிருந்தேன். பேன்ட் சட்டை போட்டவங்க மட்டும்தான் கிட்ட வந்தாங்க. கோல்ஃப்னா பணக்காரங்க ஆட்டம்னு மத்தவங்க ஒதுங்கிப் போனாங்க. மதியம் பலகையைத் திருப்பி 'பந்தை உருட்டு, குழியில போடு, 20 ரூபாய்'னு எழுதினேன். அதுக்கப்புறம்தான் கூட்டமே.

ராட்டினக்காரர் மகன் | 20 ஜனவரி, காலை 8:00

அண்ணே, சந்தோஷம். ஆனா அந்த 214-ஐ மனசுல வெச்சுக்காதீங்க. திருவிழாவுக்குக் கிளம்பும்போதே இவ்வளவு செலவு பண்ணணும்னு முடிச்சு போட்டு எடுத்துட்டு வர்ற காசு அது. நம்ம இல்லேன்னா பக்கத்துக் கடையில குடுப்பாங்க. திரும்ப வரிசையில நின்னவங்க எத்தனை பேர்னு நீங்க எழுதவே இல்ல, கவனிச்சேன். சாதாரண ஞாயித்துக்கிழமை போட்டுப் பாருங்க.

கெடிலக்கரை | 10 பிப்ரவரி, இரவு 10:05

திரும்ப நின்னவங்க ஏழே பேர்தான் தம்பி. அதான் எழுதல. தப்புதான்.

நீங்க சொன்னபடி சில்வர் பீச் போற ரோட்டுல நண்பர் ஒருத்தரோட காலி மனையில மூணு ஞாயிறு போட்டேன். இந்தத் தடவை அஞ்சு குழி, சாயங்காலம் நாலரையிலேருந்து எட்டரை. அதுக்கு முன்னாடி வெயில்ல அந்தப் புல்லு மேல கால் வைக்க முடியல, தை மாசமே அப்படி.

ஜனவரி 26: டிக்கெட் 40 ரூபாய், 58 பேர்.
பிப்ரவரி 2: அதே விலை, 47 பேர். அதுல 13 பேர் போன வாரம் வந்தவங்க.
பிப்ரவரி 9: விலையை 60 ஆக்கினேன், 41 பேர். ஏற்கனவே வந்தவங்க 16.

நேத்து இன்னொண்ணும் பண்ணினேன். குடும்பத்தோட வந்தவங்க 37 பேர்கிட்ட, நாலு பேர் மூணு தடவை ஆட முன்பணம் 900 ரூபாய், சித்திரைக்குள்ள திறக்கலேன்னா முழுசா திருப்பித் தர்றேன்னு கேட்டேன். ஆறு குடும்பம் குடுத்தாங்க. ரசீது போட்டுக் குடுத்திருக்கேன்.

ரெட்டிச்சாவடி நிலத்தை இதுக்காக யோசிக்கிறதை விட்டுட்டேன். இந்த மனையையே மாசம் 12,000 வாடகைக்குத் தர்றேன்னு நண்பர் சொல்றார். ஒன்பது குழியோட ஆரம்பிக்கலாமா? சொந்தப் பணம் 9 லட்சம், கடன் இல்லாம.

வரவுசெலவு | 10 பிப்ரவரி, இரவு 11:40

எண்ணிக்கை 58, 47, 41 என்று இறங்கியிருக்கிறது. ஆனால் திரும்பி வந்தவர்கள் 13, பிறகு விலை ஏறியும் 16. எனக்கு இந்த 16 தான் முக்கியம். முன்பணம் கொடுத்த ஆறு குடும்பமும் அப்படித்தான்.

ஒன்பது குழிக்கு 80 ரூபாய் வைக்கலாம். நீங்களும் உங்கள் மனைவியும் நின்றால் ஒரு ஆள் போதும்: சம்பளம் 14,000, வாடகை 12,000, கரண்ட் 6,000, பராமரிப்பு 4,000, வீட்டுக்கு 24,000. மாதம் 60,000, வருடம் 7.2 லட்சம். 9,000 டிக்கெட். 39 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 231. சனி ஞாயிறில் எண்பது எண்பது, மற்ற ஐந்து நாளில் பதினான்கு பதினான்கு. உங்கள் கையில் இப்போது இருப்பது ஞாயிற்றுக்கிழமை 41. அது இரண்டு மடங்காக வேண்டும், சனிக்கிழமையும் அதே அளவு வர வேண்டும். வார நாள் எப்படி என்று உங்களுக்கு இன்னும் தெரியவே தெரியாது. ஆகவே 9 லட்சத்தை இன்று இறக்காதீர்கள். நண்பரானாலும் 11 மாத ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் பக்கம் என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அந்த மனை வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

தேவனாம்பட்டினம் டீச்சர் | 11 பிப்ரவரி, காலை 6:15

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் தொடங்குகிறது. மார்ச், ஏப்ரல் எண்ணிக்கை குறைந்தால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மே மாதக் கூட்டத்தை வைத்தும் எடுக்காதீர்கள். இப்போதே புதன், வியாழன் திறந்து பாருங்கள். கல்லூரி விட்டு பீச் பக்கம் வரும் பிள்ளைகள் வருகிறார்களா என்று தெரிந்துவிடும். நான் ஞாயிறு வந்திருந்தேன், உங்களுக்குத் தெரிந்திருக்காது. நாற்காலி ஒன்றுகூட இல்லை. என் மாமியார் இருபது நிமிடம் நின்றுகொண்டே இருந்தார், அதனால்தான் இரண்டாவது ஆட்டம் ஆடாமல் கிளம்பினோம்.

கெடிலக்கரை | 11 பிப்ரவரி, காலை 7:30

அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்க டீச்சர். பக்கத்து வாடகைப் பாத்திரக் கடையில பத்து நாற்காலி இன்னிக்கே சொல்லிடறேன். நாளைக்கும் நாளன்னிக்கும் நாலரைக்குத் திறக்கிறேன். எத்தனை பேர் வந்தாலும், யாருமே வரலேன்னாலும், நம்பரை இங்கயே போடுறேன்.

ராட்டினக்காரர் மகன் | 11 பிப்ரவரி, காலை 7:45

லைட்டைக் குழிக்கு நேர் மேல தொங்கவிடாதீங்க அண்ணே, பூச்சி அத்தனையும் பந்து ஓடுற இடத்துல விழும். வேலிப் பக்கமா தள்ளிக் கட்டுங்க. என்கிட்ட ரெண்டு கம்பம் சும்மா கிடக்கு, சாயங்காலம் வண்டியில கொண்டு வந்துடறேன்.